தீவகத்தின் இரத்தமும் நிபுணரின் ஏடும்

காலை வேளையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் சற்று நேரம் நின்று பார்த்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள். நயினாதீவுக்குப் போகிற யாத்திரிகர் ஒரு பக்கம். நெடுந்தீவிலிருந்து வந்து இறங்குகிற சனம் மறு பக்கம். போகிறவர்களின் கையில் போத்தல் தண்ணீர். வருகிறவர்களில் பலரின் கையில் கிளினிக் கொப்பி. நாக விகாரைக்குப் போகிறவர்களும் நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் தங்கள் தாகத்துக்கு வேண்டியதை விலைக்கு வாங்கிக்கொண்டு வருகிறார்கள். தீவிலே பிறந்து தீவிலே உழைத்தவனோ தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கடல் கடந்து போகிறான்.

அப்படிப் போகிறவர்களுள் ஒருவரை நாம் அறிவோம். நெடுந்தீவுக் கடற்றொழிலாளி. வயது அறுபதை நெருங்குகிறது. இரண்டு சிறுநீரகங்களும் செயலற்றுப் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்துக்குப் போய், நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு பிணைந்து கிடந்து, இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு திரும்ப வேண்டும். ஒரு மணி நேரம் படகு. பிறகு புங்குடுதீவையும் வேலணையையும் தாண்டிப் பண்ணைத் தாம்போதி வழியாகப் பஸ். வருடக் கணக்கில் பார்த்தால் இருநூறு முறைக்கு மேல் அவர் கடலைக் கடக்கிறார். சோழகக் காற்று எழும்பிக் கடல் குமுறினால் படகு இல்லை. படகு இல்லையென்றால் அந்த வாரச் சுத்திகரிப்பும் இல்லை. மீன் பிடித்த காலத்தில்கூடக் காற்றைப் பார்த்து இவ்வளவு அஞ்சியதில்லை என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

மூன்று நான்கு வருடங்களுக்கு முன் அவருடைய குறிச்சிக்கு ஓர் ஆய்வுக் குழு வந்தது. கிணற்றுத் தண்ணீரைச் சிறிய போத்தல்களில் அள்ளி இலக்கம் ஒட்டினார்கள். சனத்தை வரிசையில் நிறுத்தி இரத்தம் எடுத்தார்கள். இவரும் வரிசையில் நின்றார். நீரிழிவு உண்டா என்று கேட்டார்கள். ஓம் என்றார். அதன் பிறகு நடந்ததை அவர் வாய்மொழியாகவே கேட்போம்:

"'அப்ப உங்களை எடுக்கேலாது ஐயா, நீங்கள் போகலாம்' எண்டு அந்தப் பிள்ளை மரியாதையாத்தான் சொன்னது. எனக்கும் சந்தோசம், ஊசி குத்தேல்லை எண்டு. எல்லாருக்கும் குடுத்த பிஸ்கற் பைக்கற்றை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டை வந்திட்டன்."

அன்றைக்கு அவருடைய சிறுநீரகத்தில் எவ்வளவு மிச்சம் இருந்ததோ, யாரும் அளந்து பார்க்கவில்லை. இரத்தம் கொடுத்த அயலவர்களுக்கும் இன்றுவரை ஒரு துண்டுக் கடதாசி வந்து சேரவில்லை.

அந்தக் குழு தவறு செய்ததா? விஞ்ஞான விதிப்படி இல்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. அவர்கள் தேடி வந்தது காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயை. நீரிழிவு உள்ளவனுக்குச் சிறுநீரகம் கெட்டால் காரணம் அறியப்பட்டுவிடுகிறது; உயர் இரத்த அழுத்தம் உள்ளவனுக்கும் அப்படியே. அறியப்பட்ட காரணத்தால் சாகிறவன் ஆராய்ச்சிக்கு உதவாதவன். ஆகவே வரிசையிலிருந்து விலக்கப்படுகிறான். விலக்கப்பட்டவனை எங்கே அனுப்புவது, யார் அவனைக் கவனிப்பது என்ற கேள்வி அந்த ஆய்வுத் திட்டத்தின் எந்தப் பக்கத்திலும் எழுதப்பட்டிருக்காது.

இந்த ஆராய்ச்சியின் வரலாற்றைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1990களில் வடமத்திய மாகாணத்திலே, பதவியா, மதவாச்சி, மெதிரிகிரிய முதலிய குடியேற்றப் பகுதிகளிலே, நெல் விவசாயிகள் சிறுநீரகம் கெட்டு வைத்தியசாலைக்கு வரத் தொடங்கினார்கள். பெரும்பாலோர் ஆண்கள், உழைக்கும் வயதினர். நீரிழிவு இல்லை, இரத்த அழுத்தம் இல்லை. குளத்துத் தண்ணீரைப் பாய்ச்சிக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து நாட்டுக்கு நெல் விளைத்தவர்கள். நோய் ஊவாவில் கிராந்துருகோட்டைப் பக்கமும், வடக்கே வவுனியா, முல்லைத்தீவு வரைக்கும் காணப்பட்டது. உலக சுகாதார தாபனமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வு, அநுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களின் நோய்ப் பகுதிகளில் 15 வயதுக்கும் 70 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபத்துமூன்று பேர் வரை பாதிக்கப்பட்டிருப்பதாகக் கண்டது. இது சிறிய விஷயம் அல்ல. அந்தச் சிங்கள, தமிழ் விவசாயிகளின் துன்பம் நம்முடைய துன்பமே. அதை ஆராய்ந்த வைத்தியர்களுள் தன்னலமற்ற பலர் உண்டு. அவர்களை நாம் வணங்குகிறோம்.

ஆனால் அந்த ஆராய்ச்சி எந்தத் திசையில் போயிற்று? முப்பது ஆண்டுகளாகக் குற்றவாளிகளின் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. கட்மியம் என்றார்கள். ஆசனிக்கு என்றார்கள். புளோரைட்டும் அலுமினியப் பாத்திரமும் சேர்ந்து செய்த வேலை என்றார்கள். கடின நீர், பீடைகொல்லி, எலிக் காய்ச்சல், வெயிலில் நீர் வற்றுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி, ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு மாநாடு. 2011ஆம் ஆண்டில் ஆசனிக்குக் கட்சியைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர் அந்த உண்மையைத் தமக்கு அறிவித்தது தெய்வம் என்றே பகிரங்கமாகச் சொன்னார். (நாத்திகர்களான நாம் இதைக் கேட்டுச் சிரிக்கலாம், ஆனால் நிதி வழங்கும் தாபனத்தின் விருப்பத்தை அறிந்து கருதுகோளை அமைப்பவர்களைவிட அந்தப் பேராசிரியர் நேர்மையானவர் என்றே எமக்குத் தோன்றுகிறது. அவர் தம் தெய்வத்தின் பெயரையாவது சொன்னாரே!)

நிபுணர்கள் முட்டிக்கொண்ட இடத்தில் அரசியல்வாதிகள் புகுந்தார்கள். கிளைபொசேற்று என்னும் களைநாசினி 2015இல் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிடப்பட்டது. 2022இல் தடையே நீங்கியது. 2021இல் சிறுநீரக நோயையும் ஒரு நியாயமாகக் காட்டி இரசாயன உரத்தை ஒரே இரவில் நிறுத்தினார்கள். விவசாயியின் வயிற்றில் அடித்துவிட்டு, அதே ஆண்டு முடியுமுன் பின்வாங்கினார்கள். இத்தனை திருப்பங்களிலும் நோயாளியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டார்களா? அவன் பெயரால் தடை. அவன் பெயரால் தடை நீக்கம்.

நிற்க. இந்தக் கதையில் யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பாத்திரம் உண்டு என்பது நம் வாசகர் பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்துத் தண்ணீரும் கடின நீர்; சுண்ணாம்புக் கல்லில் ஊறிய நீர். அப்படியிருந்தும் அந்த மர்ம நோய் இங்கே இல்லை என்று ஆய்வுக் கட்டுரைகள் குறிப்பிடுவது வழக்கம். கடின நீர் மட்டும் காரணம் அன்று என்று காட்டுவதற்கு யாழ்ப்பாணம் ஒரு சாட்சி. போர்க் காலத்தில் விவசாய இரசாயனங்கள் இங்கே வருவது தடைப்பட்டிருந்தது, ஆகவே குற்றவாளி இரசாயனமே என்று வாதிப்பவருக்கும் அதே யாழ்ப்பாணம் சாட்சி. இருபது ஆண்டுக்கு மேலான போரையும், பொருளாதாரத் தடையையும், இடப்பெயர்வையும் ஒரு பரிசோதனைக் குழாயாகக் கண்டு களிக்கும் இந்த விஞ்ஞானக் கண்ணை என்னவென்று புகழ்வது!

சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டவனுக்கு நோய் இருக்கிறதா என்று விசாரிப்பவர் யார்? ஓரிடத்தில் ஒரு குறிப்பிட்ட நோய் இல்லை என்பது, அவ்விடத்து மக்களின் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று பொருள்படாது. உலகெங்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முதல் இரண்டு காரணங்கள் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே. சிறுநீரக நோய் ஏதோ ஒரு வடிவில் உள்ளவர்கள் உலகில் 85 கோடிப் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இந்நோய் சத்தமில்லாமல் வருவது. இரத்தத்திலே கிரியாற்றினின் அளவு கூடியிருப்பதாகச் சோதனை காட்டும்போது, பெரும்பாலும் சிறுநீரகத்தின் பாதி வேலை ஏற்கனவே நின்றுபோயிருக்கும். ஆனால் அதற்கு முன்பே சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கிவிடுகிறது. அதைக் கண்டுபிடிக்க ஒரு கடதாசித் துண்டு போதும். அதன் விலை ஒரு தேநீரின் விலைக்குக் கிட்ட வரும். நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்தைக் கப்ரோப்பிரில் என்னும் மாத்திரை காப்பாற்றுகிறது என்பது 1993இலேயே நிறுவப்பட்டுவிட்டது. முப்பது ஆண்டுகள் கழிந்தன. அந்த இனத்து மாத்திரைகள் இன்று மலிவானவை. இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைப்பவை.

நெடுந்தீவுக் கடற்றொழிலாளியைப் பலிகொண்டது எந்த மர்மமும் அன்று. மனித குலம் நன்கு அறிந்த ஒரு நோய். மனித குலம் கண்டுபிடித்துவிட்ட ஒரு சோதனை. மனித குலம் செய்து குவித்துவிட்ட ஒரு குளிசை. இம்மூன்றும் குறிகட்டுவான் வரை வந்தன. உரிய வேளையில் கடல் கடக்கவில்லை. ஆய்வுக் குழுவின் படகு மட்டும் கடந்தது. அதிலும் அந்தக் கடதாசித் துண்டு அவருக்காக ஏற்றப்படவில்லை.

நிபுணர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "அது ஆராய்ச்சி அல்ல, அது சேவை. அது சுகாதாரத் திணைக்களத்தின் வேலை" என்பார்கள். இந்தப் பிரிவினை யாருக்கு வசதியானது? ஆராய்ச்சிக்குப் பணம் இருக்கிறது, சேவைக்கு இல்லை. ஆராய்ச்சியால் பதவி உயர்கிறது, சேவையால் உயர்வதில்லை. மர்மம் தீராதிருக்கும்வரை அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதலாம். நீரிழிவுக்காரருக்கு மாத்திரை கொடுத்து முடித்துவிட்டால் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? தனி மனிதர்களின் கெட்ட குணத்தை நாம் பேசவில்லை. உழைப்பாளியின் உடம்பைக்கூட மூலப்பொருளாக்கி, அதிலிருந்து கட்டுரை என்னும் சரக்கைச் செய்து, தூர தேசத்துச் சந்தையில் விற்கும் ஒரு முறையைப் பேசுகிறோம். இறப்பரையும் தேயிலையையும் ஏற்றியனுப்பிய நாடு நாம். இந்த ஏற்றுமதியை அடையாளம் காண நமக்குச் சிரமம் இருக்கக் கூடாது.

யப்பானில் ஒரு கிராமிய வைத்தியர் இருந்தார். பெயர் ஹகினோ நொபொரு. தோயாமா மாநிலத்தில் ஜின்சு ஆற்றங்கரையில் அவருடைய சிறிய வைத்தியசாலை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பியவர், வயற்காட்டுப் பெண்கள் எலும்பு நொறுங்கி, "இத்தாய், இத்தாய்" (நோகிறது, நோகிறது) என்று கதறுவதைக் கண்டார். அவர்களுடைய சிறுநீரகங்களும் கெட்டிருந்தன. ஆற்றின் மேற்பக்கத்தில் மித்சுயி கம்பெனியின் சுரங்கம். அதன் கழிவு ஆற்றில் கலந்து வயலில் பாய்ந்து அரிசியில் ஏறுகிறது என்று அவர் சந்தேகித்தார். நாட்டுப்புற வைத்தியனின் கற்பனை என்று இகழப்பட்டார். ஒரு விவசாய விஞ்ஞானியையும் ஓர் இரசாயன விஞ்ஞானியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, 1961இல் கட்மியமே காரணம் என்று அறிவித்தார். 1968இல் அரசாங்கம் அதை ஏற்றது. அதே ஆண்டில் நோயாளிகள் வழக்குத் தொடர்ந்தார்கள், 1971இல் வென்றார்கள், கம்பெனியின் மேன்முறையீடு 1972இல் தோற்றது. அவர் பெரிய நிபுணர் அல்லர். நோயாளியின் வீட்டையும் வயலையும் தண்ணீரையும் அறிந்தவர், விட்டுப் போகாதவர்.

நம் வட்டாரத்துக்குத் திரும்புவோம். தீவகத்தின் தண்ணீரைப் பற்றி நிபுணர் எழுதுவதைவிட ஒரு நெடுந்தீவுக் கிழவி அதிகம் அறிவாள். எந்தக் கிணறு மாசியில் சவர்க்கும், எது ஆனி வரை தாங்கும், எதில் பருப்பு வேகாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். விஞ்ஞானம் சொல்வதும் அதுவே. சுண்ணாம்புக் கல்லின் துளைகளில் மழைநீர் இறங்கி, பாரங்கூடிய கடல்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழே நாற்பதடி உப்பு ஏறிவரும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையே தீவின் வருட வருமானம். மிச்ச மாதமெல்லாம் அந்த இருப்பைத் தின்று வாழ்வது. குடாநாட்டின் தோட்டப் பகுதிகளிலோ கிணறுகளில் உரத்திலிருந்தும் மலகூடக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று ஏறியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. நாற்பது வருடச் செய்தி. இன்னும் செய்தியாகவே இருக்கிறது.

ஆய்வு அட்டவணைகளில் கிணற்றின் ஆழம் உண்டு, அமிலத் தன்மை உண்டு, புளோரைட்டு உண்டு. கிணறு யாருடையது என்ற நிரல் இல்லை. நல்ல தண்ணீர்க் கிணறு யார் வளவில் இருக்கிறது? அதில் வாளி போட யாருக்கு உரிமை இருந்தது? யார் வீட்டுப் பெண்கள் குடத்தோடு வேலிக்கு வெளியே காத்து நின்றார்கள்? 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தபின்னும் தேநீர்க் கடைக்கும் கோயிலுக்கும் கிணற்றுக்கும் அடிபட்டு இரத்தம் சிந்தியே போக வேண்டியிருந்தது. கே. டானியல் ஒரு நாவலுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தார். பெயர் சும்மா வைக்கப்படவில்லை. சவர் நீரைக் குடித்தவர் யார், நன்னீரைக் குடித்தவர் யார் என்பது தலைமுறை தலைமுறையாகச் சாதியாலும் காணியுறுதியாலும் தீர்மானிக்கப்பட்ட நாட்டிலே, சாதியையும் காணியையும் கேளாமல் தண்ணீரைப் போத்தலில் அள்ளிக்கொண்டு போவது என்ன விஞ்ஞானம்? வங்காள தேசத்தின் கரையோரத்தில் உவர்நீர் குடிக்கும் கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்தை ஆராய்ந்தார்கள். அங்கே எழுந்த கேள்வி இங்கே நம் வாசலில் நிற்கிற கேள்வி. இங்கு அதைக் கேட்பவர் நிரல் போடும்போது இதையும் சேர்த்துப் போடட்டும்.

வேலணைச் சாட்டிக் கிணறுகளின் நன்னீர் தீவகத்தின் எத்தனையோ வீடுகளுக்குப் பவுசரில் போயிருக்கிறது. பவுசர் வரும் நாளில் கூலி வேலைக்குப் போனால் தண்ணீர் இல்லை. தண்ணீருக்கு நின்றால் கூலி இல்லை. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. நல்ல காரியம். அதன் குழாய் எந்தப் படலை வரை போகும், யாருக்கு இணைப்புக் கட்டணம் கட்டுப்படும் என்பதைப் பொறியியலாளரின் வரைபடம் சொல்லாது. மக்கள் கேட்க வேண்டியது அது.

தீவுகளை உலகம் மறந்துவிட்டது என்று சொல்ல நாம் வரவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய சக்தியும் காற்றும் கொண்டு மின்சாரம் செய்ய 2021இல் ஒரு சீனக் கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது, இந்தியா ஆட்சேபித்தது, 2022இல் இந்திய நன்கொடையாக மாறியது, 2024இல் ஒப்பந்தமானது. இரண்டு வல்லரசுகள் மூன்று சின்னத் தீவுகளுக்காக மோதிக்கொள்ளும் அளவுக்கு எங்கள் கடல் முக்கியமானது. அந்தத் தீவுகளில் வாழும் மனிதரின் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க எந்த வல்லரசும் மோதவில்லை.

நிபுணர் சொல்லை மக்கள் சொல்லுக்கு மேலாக வைத்தால் என்ன நடக்கும் என்பதை யாழ்ப்பாணம் அறியாதது அன்று. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று சனம் வாளியோடு வந்து காட்டியது. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லவும் படித்தவர்கள் கிடைத்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் நிலையக் கம்பெனியை இரண்டு கோடி ரூபா கட்டப் பணித்தபோதுதான், வாளியோடு வந்தவர்களின் மூக்கும் கண்ணும் பொய் சொல்லவில்லை என்பது ஏட்டில் ஏறியது.

"அப்படியானால் நிபுணர்களே வேண்டாம் என்கிறீர்களா?" என்று நம் விஞ்ஞான ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். வேண்டும், மிகவும் வேண்டும். எப்படி வேண்டும் என்பதற்கு நிக்கராகுவாவிலிருந்து ஓர் உதாரணம் தருகிறோம்.

சிச்சிகல்பா என்பது அந்நாட்டில் ஒரு கரும்பு ஊர். அதன் அருகே ஒரு குடியிருப்பு, பெயரே 'தீவு'. கடல் சூழ்ந்த தீவு அன்று, கரும்பு சூழ்ந்த தீவு. கரும்பு வெட்டும் ஆண்கள் சிறுநீரகம் கெட்டு வரிசையாக இறந்ததால் 'விதவைகளின் தீவு' என்றே அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. அவர்களுடைய நோயும் நம் பதவியா விவசாயியின் நோயைப் போன்றது. அந்தக் கரும்புக் கம்பெனிக்கு உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கூட்டுத்தாபனம் 2006இல் ஐந்தரைக் கோடி டொலர் கடன் கொடுத்திருந்தது. நோயுற்ற தொழிலாளரும் விதவைகளும் சங்கம் அமைத்து, 2008இல் உலக வங்கியிடமே முறையிட்டார்கள். "எங்களுக்கு ஏன் இந்த நோய் என்று ஆராயுங்கள், ஆனால் கம்பெனி மட்டும் தெரிந்தெடுக்கும் ஆளை நாங்கள் ஏற்கமாட்டோம்" என்பது அவர்களின் நிலை. கடைசியில், இரு பகுதியாரும் ஒப்புக்கொண்ட ஆய்வாளர்களாகப் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தார் தெரிவானார்கள். கரும்பு வெட்டுகிறவன் நிபுணரைத் தெரிந்தெடுத்தான்! ஆய்வின் முடிவுகள் தொழிலாளர் கூட்டத்தில் அவர்களுடைய மொழியிலே முன்வைக்கப்பட்டன. ஆய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை; முதலில் கம்பெனிக்குச் சாதகம் போலவும் தோன்றியது. ஆனாலும் கேள்வி கேட்கும் உரிமை ஒருமுறை கைமாறிவிட்டால் திரும்பப் பறிப்பது எளிதல்ல.

இன்னொன்றும் அங்கே நடந்தது. காரணம் முழுதாகத் தெளிவாகும்வரை காத்திராமல், முதலில் எல் சல்வடோரிலும் பின்னர் நிக்கராகுவாவிலும் கரும்புத் தோட்டங்களில் சில மாற்றங்களைச் செய்து பார்த்தார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல். கொளுத்தும் வெயிலில் இடைவெளி விட்டு வேலை, நடமாடும் கூடாரம், போதிய குடிநீர். சிறுநீரகப் பாதிப்புக் குறைந்ததாக அளந்து காட்டியிருக்கிறார்கள். பனை ஏறுகிறவனுக்கும் கரைவலை இழுக்கிறவனுக்கும் கடலட்டைக்கு முழுகுகிறவனுக்கும் இதில் சொல்வதற்கு நிறைய உண்டு. நாள் முழுதும் வெயிலில் நீர் வற்ற உழைத்துவிட்டு, உடம்பு நோவுக்குக் கடையில் வாங்கிய குளிசையைப் போட்டுக்கொண்டு படுக்கும் பழக்கம் நம் கரையெங்கும் உண்டு. அந்த வகை நோவுக் குளிசைகள் பல, வற்றிய உடம்பில் சிறுநீரகத்தைத் தாக்குபவை. இதைச் சொல்ல இனி ஓர் ஆராய்ச்சி தேவையில்லை. சொல்ல ஒரு வாய் தேவை.

அந்த வாய் தீவகத்திலே இருக்கிறது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் எழுவைதீவிலும் பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு விடியலிலும் படகில் வந்து படகில் போகும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் இந்தக் கட்டுரை நோக்குகிறது. இனி ஒரு குழு இரத்தம் எடுக்க வந்தால், முதலில் அவர்களிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. முடிவு எப்போது வரும், தமிழில் வருமா, யார் கையில் தருவீர்கள்? நோய் கண்டால் கிளினிக்குக்கு அனுப்புவது யார், படகுக் கூலி யார் பொறுப்பு? உங்கள் வரிசைக்கு உதவாதவர் என்று விலக்குகிறவரின் சிறுநீரையும் அதே வேளையில் சோதிப்பீர்களா? எங்கள் தண்ணீரின் கணக்கை எங்கள் பள்ளிக்கூடச் சுவரிலே எழுதிவைப்பீர்களா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தராத குழுவுக்கு வரிசை தேவையில்லை. பல்கலைக்கழகங்களின் ஒழுக்கநெறிக் குழுக்கள் ஒப்பமிட்ட கடதாசியில் இவற்றுட் சில ஏற்கனவே வாக்குறுதியாக இருக்கும்; வாசித்துப் பாருங்கள். நோயாளி கைநாட்டு வைக்கும் பத்திரத்தைக் கைநாட்டு வைக்குமுன் உரக்க வாசிப்பதும் ஆசிரியர் தொழில்தான்.

சுகாதாரத் திணைக்களத்திடம் நாம் கேட்பதும் பெரிய காரியம் அன்று. மாதம் ஒரு தடவை, படகு ஓடும் நாளொன்றில், ஒவ்வொரு தீவுக்கும் ஒரு தாதி, ஓர் இரத்த அழுத்தக் கருவி, ஒரு பெட்டி சிறுநீர்ச் சோதனைத் துண்டு, தீர்ந்துபோகாத மாத்திரை. 2025 மே மாதத்தில் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, சிறுநீரக நலத்தைப் பற்றி முதன்முறையாகத் தனித் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. நோயை ஆரம்பத்திலே கண்டறிதல் அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. ஜெனீவா தீர்மானம் குறிகட்டுவானுக்கு வந்து சேர எத்தனை வருடம் செல்லும் என்பதைப் பந்தயம் வைக்க நாம் விரும்பவில்லை. பொலன்னறுவையில் சீன உதவியோடு 2021இல் எழுந்த சிறுநீரக வைத்தியசாலை கம்பீரமானது; அதன் கட்டடச் செலவில் ஒரு சன்னலின் விலை போதும், நாம் கேட்கும் பெட்டிக்கு.

சென்ற மாதம் அந்தக் கடற்றொழிலாளியை மீண்டும் சந்தித்தோம். கையில் ஊசிக் குழாய் ஏற்றிய இடம் புடைத்து, முறுக்கிய கயிறு போல் இருந்தது. தம் மூத்த மகனுக்கு முப்பத்திரண்டு வயது, அவனுக்கும் நீரிழிவு என்று அண்மையில் சொல்லியிருக்கிறார்களாம். ஆராய்ச்சிக்காரர் திரும்பவும் வரப்போகிறார்கள் என்று விதானையார் சொன்னதாகவும் சொன்னார். பிறகு கேட்டார்:

"இந்த முறை பெடியன் போய் நிண்டால், நீரிழிவு எண்டு சொல்லட்டோ, சொல்லாமல் விடட்டோ, மாஸ்ரர்?"